எல் சைஸில் மட்டும் ஓட்டை

பனியனுக்குப் படம் போடுவது என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. போன மாதம் பழைய கம்பெனியில் இருந்து போன் பண்ணி, டிசைன் செக்‌ஷனில் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறது, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். போனேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இருந்த பெண், துணியின் மேல் தண்ணீர்ச் சொட்டு வேண்டும் என்று ஒரு வரி அடித்தாள். நான் கைப்பையைக் கீழே வைப்பதற்குள் திரை முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் படம் வந்து நின்றுவிட்டது. நன்றாகவே இருந்தது. பொறாமையில் குறை சொல்கிற ஆள் இல்லை நான். குறை இருந்தால் பொறாமை இல்லாமலேயே சொல்லிவிடுவேன்.

"ஏனுங்க மேடம், இந்தச் சொட்டுக்குப் போயி அத்தனை லேயர் போடுவீங்களாமா? அவ்வளவையும் வெச்சுட்டு என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். நானும் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவளுக்கு ஏதோ அவசர போன் வந்தது, அவள் எழுந்து ஓடினாள், நான் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆரம்பித்ததைப் பாதியில் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் அந்தப் பதிலை இங்கே முடிக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மடத்துக்குளம் பக்கம். கல்யாணமாகி வந்தது மண்ணரைக்கு. வீட்டுக்கு நாலு கட்டடம் தள்ளி ஒரு ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறை இருந்தது. அங்கே கண்ணாடி போன்ற ஃபிலிம் தாளில், கறுப்பு மையும் மெல்லிய பிரஷ்ஷுமாக உட்கார்ந்து படத்தைப் பிரித்து எழுதுவேன். சிவப்புக்கு ஒரு தாள், மஞ்சளுக்கு ஒரு தாள், வெள்ளைக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளுக்கும் துணியில் மை இழுக்கத் தனித்தனி ஸ்க்ரீன், அதாவது வலைச் சட்டம். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் முழுப் படம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அந்தத் தாள்களுக்கு லேயர் என்று பெயர் வந்தது. ஆறு மாதம் சாயங்கால வகுப்புக்குப் போய் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். என்னோடு படித்தவர்கள் எல்லாம் என் மகள் வயது. அவர்களுக்கு மவுஸ் வந்தது, லேயர் வரவில்லை. எனக்கு லேயர் வந்தது, மவுஸ்தான் மேசையை விட்டு விழுந்துகொண்டே இருந்தது.

அடுத்து ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தேன். மாடியில் டிசைன் செக்‌ஷன், கீழே கட்டிங், அதற்கு அடுத்து தையல், கடைசியில் செக்கிங்கும் பேக்கிங்கும். எங்கள் செக்‌ஷனுக்குத் தலைவர் குப்புசாமி அண்ணன். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அவர் திருமுருகன்பூண்டிக்காரர். அவருடைய அப்பா சாமி சிலை செதுக்குகிறவர். இவருக்குக் கல் தூசி ஆகாமல் மூச்சு இழுக்க ஆரம்பித்ததால் உளியைப் போட்டுவிட்டு பிரிண்டிங் பக்கம் வந்துவிட்டார். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. தப்பு என்கிற சொல்லே அவர் வாயில் வராது. "இது எனக்குப் புரியலீங்க அம்மிணி" என்பார். அப்படிச் சொல்லிவிட்டால் ஒரு நாள் வேலை போச்சு என்று அர்த்தம். திட்டு வாங்கினால்கூடத் திருப்பி இரண்டு சொல்லலாம். புரியவில்லை என்கிறவரிடம் என்ன சண்டை போட முடியும்?

படத்தை அவர் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ள மாட்டார். பிரிண்ட் எடுத்துச் சுவரில் குத்தச் சொல்லுவார். அறையின் எதிர்ச் சுவர் வரை போய், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணை இடுக்கிப் பார்ப்பார். பிறகுதான் திரைக்கு வருவார். லேயர் வரிசையில் ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதை அழுத்தினால் அந்த லேயர் மறையும், மறுபடி அழுத்தினால் தெரியும். "அந்தக் கண்ணை மூடுங்க" என்பார். மூடுவேன். சுவரைப் பார்ப்பது போலவே தள்ளி நின்று பார்ப்பார். "தொறங்க. அடுத்ததை மூடுங்க." இப்படி மேலிருந்து கீழ் வரை ஒவ்வொன்றாக. எந்த லேயரை மூடியும் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லையோ, அதைத் தூக்கிப் போடச் சொல்லிவிடுவார். "சும்மா உக்காந்துட்டு இருக்கற லேயருக்கு எதுக்குங்க ஒரு ஸ்க்ரீனு?" நான் ஆசை ஆசையாகச் செய்த மினுமினுப்பு எத்தனையோ அப்படிப் போயிருக்கிறது. முதல் வருடம் அழுதேன். அப்புறம் அவருக்கு முன்னால் நானே மூடிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

கீழே கட்டிங் செக்‌ஷனுக்கு அருள்ராஜ் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து குடும்பத்தோடு வந்தவர். கட்டிங்கில் துணியை மேசை மேல் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்துப் போடுவார்கள், லே போடுவது என்பார்கள். அந்த அடுக்குக்கும் லேயர் என்றுதான் பெயர். படியில் பார்க்கும்போதெல்லாம், "தங்கச்சி, ஒனக்கு ஏழு லேயர், எனக்கு நூறு லேயர். யாரு பெரிய ஆளு?" என்பார். என் லேயரில் தப்பு வந்தால் ஒரு பட்டனைத் தட்டித் திரும்பிப் போகலாம், உங்களுக்கு அது முடியுமா என்பேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். மாஸ்டரின் கத்தி ஒரு முறை இறங்கினால் நூறு பனியன். அதில் அவருக்குப் பிசகு வந்து நான் கேள்விப்பட்டதில்லை.

தண்ணீர்ச் சொட்டு ஆர்டர் வந்தது அந்தச் சமயத்தில்தான். சாம்பல் துணியில் மெல்லிய நீலக் கோடுகள், அதன் மேல் மழையில் நனைந்த மாதிரி அங்கங்கே சொட்டு. துணி முழுக்க ஓடும் பிரிண்ட். பனியனை வாங்குகிற பையர் வெளிநாட்டில் இருந்து அனுப்பிய குறிப்பு ஒரே வரி: பார்க்கிறவன் கையால் துடைக்க வர வேண்டும்.

அது ஒன்றும் மந்திரம் இல்லை. சொட்டை வட்டமாக வரைந்து அதை ஒரு தனி லேயரில் வைக்க வேண்டும். உள்ளே நிறம் எதுவும் இல்லாமல், அடியில் உள்ள கோடு அப்படியே தெரியும்படி விட வேண்டும். பிறகு சொட்டின் மேல் விளிம்பில் வெளிச்சத்துக்கு ஒரு லேயர், கீழ் விளிம்பில் இருட்டுக்கு ஒரு லேயர், சொட்டுக்குக் கீழே துணியில் விழுகிற நிழலுக்கு ஒரு லேயர், எல்லாவற்றுக்கும் மேலே மின்னுகிற ஒரு வெள்ளைப் புள்ளி. வெளிச்சம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று சாஃப்ட்வேரில் ஒரு இடத்தில் சொல்லிவிட்டால் எல்லா லேயரும் அதற்குக் கட்டுப்படும். நான் மேலே இருந்து என்று வைத்தேன். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். குப்புசாமி அண்ணன் எல்லாக் கண்ணையும் மூடித் திறந்து பார்த்தார், ஒரு லேயரைக்கூட எடுக்கச் சொல்லவில்லை. சாம்பிள் துணி போயிற்று, பையர் துடைக்க வந்தானோ என்னவோ, ஓகே வந்துவிட்டது.

பெரிய அளவில் பிரிண்ட் பண்ணுவதற்கு முன்னால் கொஞ்சம் துணியை மட்டும் பிரிண்ட் பண்ணி, வெட்டி, தைத்து, செக்கிங் வரை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அதைப் பைலட் என்போம். பைலட் ஓடிய அன்று மத்தியானம், செக்கிங்கில் இருந்து மல்லிகா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். மல்லிகாவின் கண் அந்த ஹாலிலேயே பேர்போன கண். துணியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டி ஒதுக்கிவிடுவாள்.

"அக்கா, கீழ வாங்க. எல் சைஸ் பூராவும் ஓட்டைங்க்கா. ஸ்டிக்கரே பத்தல."

"எல் மட்டுமா?"

"எம்மு நல்லாத்தான் இருக்குது. எல்லுல மட்டும் பொத்துப் பொத்துன்னு ஓட்டை. கை வெச்சா ஓட்டையக் காணோம், கையெடுத்தா மறுபடி ஓட்டை. எனக்குப் பயமா இருக்குதுங்க்கா."

இறங்கிப் போனேன். மேசையின் ஒரு பக்கம் எம் அடுக்கு, இன்னொரு பக்கம் எல் அடுக்கு. எம் பனியனில் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. எல் அடுக்கில் மேலாக இருந்ததை விரித்துப் பார்த்தேன். பூச்சி அரித்த துணி மாதிரி குழி குழியாக இருந்தது. ஒரே துணி, ஒரே பிரிண்ட், ஒரே மேசை. மேனேஜர், குப்புசாமி அண்ணன், அருள்ராஜ் மாஸ்டர் என்று எல்லோரும் கூடிவிட்டார்கள். நூல் சரியில்லை என்று ஒருவர், சாயத்தில் ஏதோ துணியைத் தின்றுவிட்டது என்று ஒருவர்.

நான் ஒரு எல் பனியனை எடுத்துக் கீழ் மடிப்பைப் பிடித்துத் தூக்கினேன், கழுத்து தரையைப் பார்க்கத் தொங்கும்படி. அத்தனை குழியும் எழுந்து சொட்டாகிவிட்டது.

மல்லிகா வாயில் கையை வைத்துக்கொண்டாள். மறுபடி நேராகப் பிடித்தேன், ஓட்டை. தலைகீழாகப் பிடித்தேன், சொட்டு. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை மேனேஜர் வாயைத் திறக்கும் வரைக்கும்தான் இருந்தது.

"அப்ப எல்லு பூராவும் தலைகீழா வெட்டியிருக்குது" என்றார் அவர், அருள்ராஜ் மாஸ்டரைப் பார்த்து.

தலைகீழாக வெட்டுவது ஒரு தப்பே இல்லை. இதைத் திருப்பூருக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். பனியன் மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் தலை வைத்து வெட்டினால் இடையில் துணி வீணாகும். ஒரு சைஸுக்குத் தலை மேலே, அடுத்த சைஸுக்குத் தலை கீழே என்று மாற்றி மாற்றி வைத்தால் ஒன்றோடு ஒன்று பொருந்தி துணி மிச்சமாகும். அதற்கு டூவே என்று பெயர். படத்தில் எழுத்தோ மிருகமோ இருந்தால் மட்டும் டூவே ஆகாது, ஒன்வேதான். இல்லாவிட்டால் பாதிப் பேர் நெஞ்சில் புலி தலைகீழாகத் தொங்கும். சொட்டு வட்டமாக இருந்தது, கோடு குறுக்காக இருந்தது. எந்த மாஸ்டராக இருந்தாலும் டூவேதான் போட்டிருப்பார்.

மாஸ்டரும் அதைத்தான் சொன்னார். "வட்டத்துக்கு ஏது சார் தலையும் காலும்? ஒன்வேன்னு ஒரு வார்த்த யாரும் சொல்லல. நான் எதப் பாத்து வெட்டுவேன்?"

"வெட்டற கைக்குத் தெரியோணும். டூவேன்னு நீங்க சொன்ன கணக்குலதான் துணி மொத்தமும் வாங்கிப் போட்டுருக்கறேன். இனி ஒன்வேயின்னா துணி பத்தாது, கப்பல் தேதி நிக்காது. மொதலாளிக்கு நான் யாரைக் காட்டறது?"

யாரைக் காட்டப்போகிறார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. சனிக்கிழமையோடு அருள்ராஜ் கணக்கை முடித்துவிடுவதாக அன்று சாயங்காலமே பேச்சு வந்தது. வேலை போவது மட்டும் என்றால் திருப்பூரில் அடுத்த தெருவில் வேறு வேலை கிடைக்கும். ஆனால் தலைகீழாக வெட்டின மாஸ்டர் என்று பேர் விழுந்துவிட்டால் எந்தக் கம்பெனியும் கத்தியைக் கையில் கொடுக்காது. மாஸ்டராக இருந்தவர் யாரோ ஒருவருக்கு மேசையில் துணி விரித்துப் போடுகிற ஆளாகத்தான் போக வேண்டும். பனியனைக் கவிழ்த்துக் காட்டி, குற்றம் சொல்கிற விரலை அவர் பக்கம் திருப்பிவிட்டது என் கைதான். நான் காட்டாவிட்டாலும் வேறு யாராவது காட்டியிருப்பார்கள் என்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் மேனேஜர் அறைக்கே போய்விட்டேன்.

"சனிக்கிழமை வரைக்கும் மாஸ்டர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க சார். எப்படி வெட்டுனாலும் சொட்டாத் தெரியறாப்புல நான் மாத்தித் தர்றேன்."

"முடியுமாங்க?"

"முடியுங்க."

முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொன்னால் சனிக்கிழமை கிடைக்காது.

"பையர் பாத்த சொட்டு மாதிரியே இருக்கோணும். ஸ்க்ரீன் ஒண்ணுகூட அதிகமாகக் கூடாது. அடுத்த பைலட்டுல மல்லிகா ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனாலும் அதோட முடிஞ்சுதுங்க" என்றார். சரி என்று எழுந்து வந்தேன்.

குப்புசாமி அண்ணன் ஏற்கெனவே படத்தைப் பிரிண்ட் எடுத்து, சுவரில் தலைகீழாகக் குத்தி வைத்திருந்தார். திரையிலும் படத்தைக் கவிழ்த்தோம். கண்ணை மூட ஆரம்பித்தோம். மின்னுகிற வெள்ளைப் புள்ளியை மூடினேன், ஓட்டை அப்படியே இருந்தது. துணியில் விழும் நிழலை மூடினேன், ஓட்டை கொஞ்சம் ஆழம் குறைந்தது. விளிம்பு வெளிச்சத்தையும் விளிம்பு இருட்டையும் மூடினேன், ஓட்டை போய்விட்டது. கூடவே சொட்டும் போய்விட்டது. வெறும் வட்டக் கோடு மிஞ்சியது, பேனாவால் சுழித்த மாதிரி. சொட்டைச் சொட்டாக்குகிற லேயர்தான் கவிழ்த்தால் அதை ஓட்டையாக்குகிறது. எடுத்துப் போடவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

"கல்லுலயும் இதேதானுங்க" என்றார் அண்ணன். "வெளிச்சம் மேலருந்துதான் வருமுன்னு நெனச்சுட்டேதான் நம்ம கண்ணு பாக்கும். மேல் ஓரம் வெளிச்சமா இருந்தா மேடுன்னு நெனைக்கும். கீழ் ஓரம் வெளிச்சமா இருந்தா பள்ளமுன்னு நெனைக்கும். அதுகிட்ட நாம வாதாட முடியாதுங்க." சுவரில் குத்தியிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டே, "ஒன்வேயே போட்டுறலாம் அம்மிணி. துணி பத்தாததுக்கு மொதலாளிகிட்ட நான் பேசறனுங்க" என்றார்.

"பேசுனா, தப்பு மாஸ்டரோடதுன்னு நாமளே ஒத்துக்கிட்டாப்புல ஆயிருமுங்க."

"ஆயிரும்" என்று தலையாட்டினார்.

"அப்ப வேண்டாங்க."

அவரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாதிச் சொட்டுக்கு மேலே இருந்தும் பாதிச் சொட்டுக்குக் கீழே இருந்தும் வெளிச்சம் விட்டுப் பார்த்தேன். எப்படிப் பிடித்தாலும் பாதி ஓட்டை வந்தது, அதாவது இரண்டு சைஸையும் கெடுத்தேன். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். மல்லிகாவையும் அவள் பக்கத்து மேசைக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினால், இவளுக்குச் சொட்டு, அவளுக்கு ஓட்டை. இரண்டு பேரும் என் முன்னாலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். அப்படியே இரண்டு நாள் போயிற்று. மாஸ்டர் படியில் எதிர்ப்பட்டபோது லேயர் கணக்குப் பேசவில்லை. "வுடு தங்கச்சி, நீ ஏன் கெடந்து அல்லாடுத?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் திரை தெரியாது என்று அடக்கிக்கொண்டேன்.

வெளிச்சத்தை வைத்துச் சொட்டு செய்ய எனக்குத் தெரியும். வெளிச்சமே இல்லாவிட்டால் சொட்டு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? இந்தக் கேள்வி வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு மக்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனேன். பைலட் பனியன் ஒன்றை மேசையில் விரித்து, அதன் மேல் தண்ணீர் தெளித்தால் துணி குடித்துவிட்டது. பேக்கிங் பண்ணுகிற பாலித்தீன் கவர் ஒன்றைத் துணியின் மேல் விரித்து, அதன் மேல் தெளித்தேன்.

"ஏனுங்க, பேக்கிங்குல வந்து வாசல் தெளிக்கறீங்க? பெட்டியெல்லாம் ஊறிப்போயிருமுங்க!" என்று பேக்கிங் அக்கா ஒருத்தி கத்தினாள். கோலமும் போட்டுவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

கவர் மேல் சொட்டு நின்றது. அதன் அடியில் துணியின் நீலக் கோடு தெரிந்தது. பக்கத்தில் உள்ள கோட்டைவிடத் தடிமனாக, நடுவில் விரிந்து, ஓரத்தில் சுருங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது போலத் தெரிந்தது. மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். அதே தடிமன், அதே வளைவு. கோடு பருத்துத் தெரிந்தால் அதன் மேல் ஏதோ ஒன்று உப்பி நிற்கிறது என்றுதான் கண் எடுத்துக்கொள்கிறது. ஓட்டைக்குள் கோடு பருக்காது. மக்கை அங்கேயே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். என் வயதுக்கு அந்தப் படியில் ஓடியிருக்கக் கூடாது.

கோட்டு லேயரை அப்படியே ஒரு நகல் எடுத்தேன். சொட்டின் வட்டம் இருக்கிற இடத்தில் மட்டும் அந்த நகல் தெரியும்படி மற்றதை மறைத்தேன். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் கோட்டைப் பந்து போல உப்ப வைத்தேன். மேல் விளிம்பு வெளிச்சம், கீழ் விளிம்பு இருட்டு இரண்டையும் எடுத்துவிட்டு, சொட்டைச் சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய இருட்டு ஓடும்படி செய்தேன். நிழலையும் ஒரு பக்கம் விழாமல் சுற்றிலும் லேசாகப் பரவ விட்டேன். வெள்ளைப் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். கோட்டின் நிறம் கோட்டுக்கே உள்ள நீலம்தான், அதனால் புது ஸ்க்ரீன் தேவைப்படவில்லை. உப்பலைக் கூட்டினால் சொட்டு கோலிக்குண்டு மாதிரி ஆனது, குறைத்தால் செத்துப்போனது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பிரிண்ட் எடுத்து, நேராகவும் தலைகீழாகவும் சுவரில் குத்தினேன். சுவரில் இடம் தீர்ந்து ஜன்னல் கண்ணாடியிலும் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குப்புசாமி அண்ணன் வந்து எதிர்ச் சுவருக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றினார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒன்றைக் காட்டினார். திரையில் அதைத் திறந்தேன். "அந்தப் புது லேயரோட கண்ணை மூடுங்க" என்றார். மூடினேன், சொட்டு அத்தனையும் படுத்துவிட்டது. "தொறங்க." எழுந்து நின்றது. படத்தைக் கவிழ்க்கச் சொல்லி மறுபடி மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

"எனக்குப் புரிஞ்சுருச்சுங்க அம்மிணி" என்றார். அத்தனை வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த பெரிய பாராட்டு அதுதான்.

அன்றே துணி பிரிண்ட் ஆனது. புதுத் துணியின் படத்தைப் பையருக்கு அனுப்பியதில், முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று பதில் வந்துவிட்டது. அது மேனேஜருக்குப் போதவில்லை. மல்லிகா பார்க்க வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான். பையர் படத்தை நேராக வைத்துப் பார்த்தான், மல்லிகா எல்லாப் பக்கமும் பார்ப்பாள். மாஸ்டரை அதே பழைய டூவேயில்தான் வெட்டச் சொன்னோம். அவர் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் துணியையே பார்த்தபடி நின்றார். பிறகு வெட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் பீஸ் செக்கிங்குக்கு வந்தது. எதுவும் சொல்லக் கூடாது, எப்போதும் போலப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு. நானும் அண்ணனும் மேனேஜரும் தள்ளி நின்றோம். மாஸ்டர் இன்னும் தள்ளி, துணி ரோல்களுக்குப் பக்கத்தில் நின்றார். மல்லிகா எம் அடுக்கை முடித்தாள். எல் அடுக்கைத் தொட்டாள். விரித்தாள், புரட்டினாள், கையை உள்ளே விட்டுப் பார்த்தாள், மடித்து நல்ல பக்கம் போட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. ஹாலில் அத்தனை மெஷின் ஓடியும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுக்கு பாதிக்குக் கீழே போய்விட்டது. எனக்கு மூச்சு திரும்ப ஆரம்பித்த சமயத்தில் அவள் ஒரு பனியனைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். கீழே வைத்தாள். ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஒரு சிவப்பு அம்பைக் கிழித்து, அந்த எல் பனியனில் ஒட்டினாள்.

மேனேஜர் ஒரு பெருமூச்சு விட்டார். குப்புசாமி அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் எதையும் பார்க்கவில்லை.

"தப்பாத்தான் தெரியுதா மல்லிகா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா, சொட்டெல்லாம் சொட்டாத்தான் இருக்குது. இது ஓட்டைங்க. நெசமாலுமே ஓட்டை."

யாரும் நகரவில்லை. மாஸ்டர்தான் வந்தார். மேசையைத் தாண்டிக் கையை நீட்டி அந்தப் பனியனை எடுத்தார். அம்பு காட்டிய இடத்தில் சுண்டு விரலை வைத்து அழுத்தினார். துணி பின்னும்போதே நூல் அறுந்து விழுந்த, எந்தத் துணியிலும் வரக்கூடிய சாதாரண ஓட்டை. விரல் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

"ஏ தங்கச்சி, வெரலு போவுது!" என்று கத்தினார். "போவுதும்மா, பாரு! ஓட்டைதான்! நெசமான ஓட்டை!"

விரலை எடுக்காமலே ஹாலைச் சுற்றி வந்தார். தையல் லைனில் ஒவ்வொரு மெஷினாக நின்று அந்த விரலைக் காட்டினார். வடநாட்டுப் பையன்கள் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள். ஒரு பழுதான பீஸுக்கு ஒரு ஹாலே கைதட்டியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் ரோல் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். மல்லிகா மட்டும் ஒன்றும் நடக்காதது போல அடுத்த பனியனை விரித்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் அடுக்கு முழுவதும் முடியும் வரை நின்று பார்த்தார். இன்னொரு ஸ்டிக்கர் விழவில்லை. அதற்குள் மாஸ்டர் ஒரு சுற்று முடித்து அதே விரலோடு அவருக்கு எதிரில் வந்து நின்றார். கண்ணெல்லாம் நனைந்திருந்தது. மேனேஜர் அந்த விரலைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார்.

"செரி, செரி. வெரல எடுத்துட்டு, திங்கக்கெழமை லே போடற வழியப் பாருங்க மாஸ்டர்."

மாஸ்டர் திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. அப்போதே மேசைக்குப் போய் முதல் லேயரை விரித்தார்.